தரையைத் தொடும் ஜன்னல்கள்

மிலான் நகரத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரெஜ்ஜோ எமிலியா வந்துவிடுகிறது. ஊருக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவில், வெள்ளை அலை ஒன்று அப்படியே உறைந்து நின்றதுபோல ஒரு ரயில் நிலையம். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் சாந்தியாகோ காலத்ராவா வடிவமைத்தது, 2013-ல் திறந்தார்கள். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்தபடிதான் நடக்கிறார்கள். நான் பேத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மகளும் மருமகனும் அங்கே வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. பேத்திக்கு மூன்று வயது. செப்டம்பரில் நகராட்சி மழலையர் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. "அம்மா, முதல் பத்து நாள் வீட்டு ஆள் ஒருத்தர் ஸ்கூல்லயே கூட உக்காரணுமாம். எங்க ரெண்டு பேருக்கும் லீவு இல்ல. நீங்க வர முடியுமா?" என்று மகள் போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டு ஆளுக்கு என்ன வேலை?

நான் மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் 22 வருடம் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவள். முதல் நாள் அழுகிற பிள்ளையை அம்மாவின் இடுப்பிலிருந்து பிடுங்கி உள்ளே தூக்கிப்போய், "நீங்க கெளம்புங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல சரியாயிருவான்" என்று கதவைச் சாத்திப் பழகிய கை இது. சரி, பேத்தியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, இத்தாலியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று கிளம்பிவிட்டேன்.

ரெஜ்ஜோ பெரிய ஊர் இல்லை. ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருக்கலாம். ரோமானியர்கள் கி.மு. 187-ல் போட்ட வியா எமிலியா என்ற சாலையில் பார்மா, ரெஜ்ஜோ, மோடெனா, போலோன்யா என்று ஊர்கள் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன. இந்த வட்டாரத்தின் பெருமை பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பாலாடைக்கட்டி. ஒரு கட்டி 40 கிலோ வரும். குறைந்தது ஒரு வருடமாவது பழுக்க வேண்டும். அது பழுக்கிற வரைக்கும் பண்ணைக்காரருக்குக் கைச்செலவுக்கு வேண்டுமே! அதற்காகக் கட்டியை அடகு வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிற வங்கி இருக்கிறது. நம் ஊர் நகைக்கடன் மாதிரி பாலாடைக்கட்டிக் கடன். அந்த மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்பவர்களில் பஞ்சாபிகள் நிறைய. பக்கத்தில் நொவெல்லாரா என்ற சிற்றூரில் 2000-ல் திறந்த குருத்வாராவே இருக்கிறது. டர்பன் கட்டிய ஒருவர் சைக்கிளில் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போவதைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்றேன்.

ஊர் நடுவில் சான் புரோஸ்பெரோ தேவாலயத்தின் வாசலில் இளஞ்சிவப்புக் கல்லில் ஆறு சிங்கங்கள் இருக்கின்றன. பல நூற்றாண்டுப் பழசு. அவற்றின் முதுகில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள், யாரும் விரட்டுவதில்லை. பிள்ளைகள் தேய்த்துத் தேய்த்தே முதுகு வழவழவென்று ஆகியிருக்கிறது. பேத்தியும் ஏறினாள். நான் ஒரு நிமிடம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றிவிட்டேன். பழக்கதோஷம்.

பள்ளிக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் திசை தெரியவில்லை. நீளமான வராண்டா, வரிசையாகக் கதவுகள், பிரின்ஸிபால் அறை என்று எதுவும் கிடையாது. கதவைத் திறந்தால் நேராக ஒரு பெரிய கூடம். அதைப் பியாட்ஸா என்கிறார்கள். ஊர்ச் சதுக்கத்துக்கும் அதே பெயர்தான். எல்லா வகுப்பும் அந்தக் கூடத்தைப் பார்த்தே திறக்கிறது. வேறு வகுப்புப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் இங்கே வந்தால் போதும். கூடத்தின் ஒரு மூலையில் வேஷம் போடத் துணிமணி. இன்னொரு மூலையில், உள்ளே கண்ணாடி பதித்த, கூடாரம் போன்ற முக்கோணப் பெட்டி. பிள்ளைகள் அதற்குள் நுழைந்து உட்கார்ந்தால், ஒரு பிள்ளை நூறு பிள்ளையாகத் தெரிகிறது.

இதெல்லாம் காசு இருக்கிறவர்கள் செய்கிற ஆடம்பரம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். ஆனால் உள்ளே குனிந்து பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. சித்திரைப் பொருட்காட்சியில் வாங்குவோமே, கலைடாஸ்கோப்! மூன்று கண்ணாடிச் சில்லு, நாலு வளையல் துண்டு, ஒரு அட்டைக் குழாய். அதைப் பெரிதாக்கி, வளையல் துண்டுக்குப் பதில் பிள்ளையை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

அடுத்து சமையலறை. நம் பள்ளிகளில் அது பின்பக்கம், புகை போகிற இடத்தில் இருக்கும். இங்கே சுவருக்குப் பதில் கண்ணாடி. சமைக்கிற அம்மா வெங்காயம் நறுக்குவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். அந்த அம்மாவும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவரும் டீச்சர் மாதிரிதான் என்று சொன்னார்கள். நான் பேருக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பேத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றபோது, அந்த அம்மா வெளியே வந்து அவள் கையில் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் அவளுக்கு அடையாளம் தெரிந்த முதல் பொருள் அதுதான். அன்று முழுக்க அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிந்தாள்.

சாப்பாட்டு மேஜையைப் பிள்ளைகளே தயார் செய்கிறார்கள். பீங்கான் தட்டு, கண்ணாடி டம்ளர். மூன்று வயதுப் பிள்ளை கையில் கண்ணாடி டம்ளர்! எனக்கு உட்கார முடியவில்லை. நான்காம் நாள் ஒரு பையன் போட்டு உடைத்தான். என் வாயில் "ஏய்!" வந்துவிட்டது. டீச்சர் மெதுவாக வந்து, கூட்டி அள்ளி, "இன்னொன்று எடுத்துக்கொள்" என்றார். அவன் எடுத்துக்கொண்டு, இந்த முறை இரண்டு கையாலும் பிடித்து நடந்தான். பிளாஸ்டிக் டம்ளராக இருந்திருந்தால் அவனுக்கு இரண்டாவது கை எதற்கு?

இனி ஜன்னல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வகுப்பறை ஜன்னல்கள் தரையிலிருந்தே தொடங்குகின்றன. தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கண்ணுக்கு நேரே தோட்டம். பேத்திக்கு அந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. முதல் வாரம் பெரும்பாலும் ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் களிமண்ணில் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. "தங்கம், அங்க போய் வெளயாடு. டீச்சர் திட்டுவாங்க" என்று காதில் முணுமுணுத்தேன்.

டீச்சர் வந்தார். திட்டவில்லை. பேத்திக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: "இவள் எதைப் பார்க்கிறாள் என்று நினைக்கிறீர்கள்?"

எனக்குத் தொண்டையை அடைத்தது.

மதுரையில் என் வகுப்பில் 40 பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே தெரு. தண்ணி லாரி வந்தால் 40 தலையும் திரும்பிவிடும். கரும்பலகையில் நான் எழுதுவதை யார் பார்ப்பது? ஒரு கோடை விடுமுறையில் ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். யோசனை சொன்னது நிர்வாகம் இல்லை, நான்தான். "நல்ல ஐடியா டீச்சர்" என்று பாராட்டினார்கள். அப்புறம் எல்லா வகுப்புக்கும் அடித்தார்கள்.

ஒரு பையன் மட்டும் பெஞ்சு மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, பச்சைக்கு மேலே எட்டிப் பார்ப்பான். தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். எத்தனையோ நாள் அவனை முட்டி போட வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் தெருவில் என்ன போனது, யார் வந்தார்கள், அவன் யாருக்காகக் காத்திருந்தான்? ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. இந்த இத்தாலியக்காரப் பெண் வந்து நாலாவது நாளில் என் பேத்தியைப் பற்றிக் கேட்கிறார்.

"அங்க என்னடா தெரியுது?" என்று பேத்தியிடம் கேட்டேன். "தாத்தா இலை கூட்டுறாங்க அம்மாச்சி. காத்து வந்து மறுபடி கொட்டுது" என்றாள். வெளியே ஒரு தோட்டக்காரர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அதை என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் ஒரு கூடை நிறையச் சருகும், சின்னச் சின்ன விளக்குமாறுகளும் தோட்டத்தில் இருந்தன. பேத்தியோடு சேர்ந்து இன்னும் மூன்று பிள்ளைகள் கூட்டினார்கள். கூட்டியதையே கொட்டிவிட்டு மறுபடியும் கூட்டினார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மகளிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை செல்லா என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனாள். ரெஜ்ஜோவிலிருந்து பார்மா போகிற வழியில் சில கிலோமீட்டர்தான். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். 1945 ஏப்ரல் 25-ல் இத்தாலி விடுதலை கொண்டாடியது. பின்வாங்கிப் போன ஜெர்மன் படை இந்தப் பக்கம் ஒரு டாங்க், சில லாரிகள், சில குதிரைகளை விட்டுவிட்டுப் போயிருந்தது. கிராமத்து மக்கள் அவற்றை விற்ற காசில் முதலில் கட்ட முடிவு செய்தது தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்லைப் பெண்கள் கழுவிச் சுத்தம் செய்து அடுக்கினார்கள். மணல் ஆற்றிலிருந்து வந்தது.

இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு, நிஜமா என்று பார்க்க சைக்கிளில் வந்தார் 25 வயது ஆசிரியர் ஒருவர். பெயர் லோரிஸ் மலகுட்ஸி. வந்தவர் அப்படியே இந்த வேலையில் ஒட்டிக்கொண்டார். பெற்றோர்கள் நடத்திய இந்த மாதிரிப் பள்ளிகளிலிருந்து வளர்ந்து, 1963-ல் ரெஜ்ஜோ நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. 1994-ல் இறக்கும்வரை மலகுட்ஸிக்கு இதுதான் வாழ்க்கை. 1991-ல் அமெரிக்காவின் 'நியூஸ்வீக்' பத்திரிகை உலகின் சிறந்த பள்ளிகளைப் பட்டியலிட்டபோது, மழலையர் பள்ளி என்று தேர்ந்தெடுத்தது இந்த ஊர் டயானா பள்ளியை. அதன்பிறகு உலகமே இங்கே படை எடுத்துவிட்டது. செல்லாவில் இன்றும் பள்ளி இருக்கிறது. பெயர், 'ஏப்ரல் 25'. ஞாயிற்றுக்கிழமையாதலால் பூட்டியிருந்தது; வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

வகுப்புக்கு இரண்டு டீச்சர்கள், மூன்றாவது டீச்சர் அந்த இடமே என்று ரெஜ்ஜோவில் சொல்வார்கள். இவர்களைத் தவிர, ஓவியம், சிற்பம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார். அவருடைய அறைக்குப் பெயர் அத்தெலியே. ஓவியர்களின் பட்டறைக்குச் சொல்கிற பெயர். அங்கேதான் வளையல் கதை நடந்தது.

பேத்திக்கு மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வாங்கிய கண்ணாடி வளையல் ஒரு டஜன் கொண்டுபோயிருந்தேன். அத்தெலியேயில் உள்ளிருந்து விளக்கு எரிகிற வெள்ளை மேஜை ஒன்று உண்டு. பேத்தி ஒருநாள் வளையலைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். பச்சை, சிவப்பு, மாம்பழ மஞ்சள்! ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நிறம் மாறுகிறது. நாலைந்து பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அதுவரை யாரோடும் சேராதவள், யாருக்கு எந்த வளையல் என்று தமிழிலேயே பங்கு பிரித்துக் கொடுத்தாள். அவர்களும் இத்தாலிய மொழியில் சண்டை போட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, விளையாட்டு நிற்கவுமில்லை.

அந்த மேஜையில் இருந்த மற்றப் பொருள்களைப் பார்த்தால், நம் ஊர் பழைய பேப்பர் கடை. பிளாஸ்டிக் வளையம், தோல் துண்டு, பட்டன், நூல்கண்டுக் குழாய். எல்லாம் ரெமீடா என்ற இடத்திலிருந்து வருகின்றன. தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் ராஜா கதை தெரியுமல்லவா, அந்த ராஜாவின் பெயர்தான். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் மிச்சமாகிற, ஓரம் வெட்டிய, விற்காத பொருள்களை வாங்கி வகை வகையாக அடுக்கி வைத்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். 1996 முதல் நடக்கிறது. எனக்குச் சிவகாசி அச்சகங்களின் ஓரக் காகிதமும், எங்கள் தெரு டெய்லர் கடையில் மூட்டை கட்டி வெளியே வைக்கிற துணித் துண்டும் ஞாபகம் வந்தன.

இந்த ஊரில் பிள்ளைகள் செய்வதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதோடு விடுவதில்லை. ஊர் நடுவில் இருக்கும் அரியோஸ்தோ நாடக அரங்கின் திரைச்சீலையை வடிவமைத்தவர்கள் டயானா பள்ளியின் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். கோட்டும் சூட்டும் போட்டவர்கள் டிக்கெட் வாங்கி அதன் முன்னால் உட்காருகிறார்கள்.

எனக்கு உறுத்தலும் இல்லாமலில்லை. ஆறு வயது வரை எழுத்துப் பாடம் என்று தனியாக எதுவும் இல்லை. "எப்பம்மா எழுதப் படிக்கக் கத்துக்குவா? நாளைக்கு ஊருக்குத் திரும்பி வந்தா இங்க உள்ள பிள்ளைகளோட ஈடு கொடுப்பாளா?" என்று மகளோடு இரண்டு ராத்திரி வாக்குவாதம். அவளுக்கும் பதில் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். சாப்பாடும் பேத்திக்கு இறங்கவில்லை. உப்புச் சப்பில்லாத பாஸ்தாவைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குவாள்.

அதேசமயம், எல்லாமே அங்கேதான் இருக்கிறது என்று சொன்னால் அது பொய். சின்ன நாற்காலி, சின்ன மேஜை, பிள்ளை கைக்கு எட்டும் அலமாரி என்று தொடங்கி வைத்த மரியா மாண்டிசோரியும் இத்தாலிக்காரர்தான். அவர் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் வாழ்ந்தார். நம் வாசலுக்கே வந்த விஷயம் இது. நான் வேலை பார்த்த பள்ளியின் பெயர்ப் பலகையிலும் 'மாண்டிசோரி' உண்டு. பச்சை ஜன்னலுக்கு மேலேதான் அந்தப் பலகை தொங்கியது. நம் அரசுப் பள்ளிகளோ செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தன. பிள்ளைகள் வரைந்ததைக் கயிறு கட்டித் தொங்கவிட்டன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்க அது பரவிய அதே வருடங்களில்தான், ஃபீஸ் வாங்குகிற நாங்கள் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தோம்.

இப்போது நம் நகரங்களில் 'ரெஜ்ஜோ முறை' என்றே போர்டு வைத்த மழலையர் பள்ளிகள் வந்துவிட்டன. வெளிநாட்டு மரப் பொம்மை, விளக்கு மேஜை எல்லாம் விளம்பரத்தில் ஜொலிக்கின்றன. இதற்கு ரெஜ்ஜோகாரர்கள் சான்றிதழோ கிளையோ எதுவும் கொடுப்பதில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் பொம்மையின் விலையை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் அந்த வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது? சுவரில் ஒட்டியிருப்பது பிள்ளை வரைந்ததா, கடையில் வாங்கிய சார்ட்டா? அது யார் கண் உயரத்தில் இருக்கிறது? தண்ணீர் குடிக்க யாரையாவது கேட்க வேண்டுமா? இதற்கெல்லாம் பைசா செலவில்லை.

பத்தாம் நாள் பேத்தி என்னைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே ஓடிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கூடத்துச் சுவரைக் காட்டினார். ஜன்னல் பக்கம் பேத்தி உட்கார்ந்திருக்கும் படம், விளக்குமாறு பிடித்த படம், விளக்கு மேஜையில் வளையல். கீழே இத்தாலிய மொழியில் ஏதோ எழுதி, அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். என் கையில் பேனாவைக் கொடுத்தார். அவள் சொன்னதை அவள் பாஷையில் நான் எழுத வேண்டுமாம். "தாத்தா இலை கூட்டுறாங்க. காத்து வந்து மறுபடி கொட்டுது." 22 வருடம் கரும்பலகையில் எழுதிய கை, அன்றைக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் எழுதியது. வளையல்களை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். உடைந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், துண்டுக்குத்தான் விளையாட்டு அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மதுரைக்குத் திரும்பியதும் பழைய பள்ளிக்குப் போனேன். ஜன்னலில் பச்சை அப்படியே இருக்கிறது, அங்கங்கே நகத்தால் சுரண்டிய ஓட்டைகளோடு. ஒரு ஓட்டையில் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தேன். தெருவில் இஸ்திரி வண்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு பூக்காரம்மா. நான் அங்கே இருந்த காலத்திலும் அந்த வண்டி அதே இடத்தில்தான் நிற்கும். அவன் இதைத்தான் பார்த்தானா?

பெயிண்ட்டைச் சுரண்டுகிற கூலியை நானே தருகிறேன் என்று தாளாளரிடம் சொல்லியிருக்கிறேன். கோடை விடுமுறையில் பார்க்கலாம் என்றார்.